இருக்கிற வீட்டுப் பெண், இல்லாத வீட்டுப் பையன்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழை–பணக்காரக் காதலைச் சிறுகதையாகவோ தொடராகவோ குறும்படமாகவோ எழுத உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கதை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம். கடைசியில் யார் யாரோடு சேருகிறார்கள் என்பதைவிட, எத்தனை ரூபாய் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான் இந்தக் கதை நிற்கும் என்பது எங்கள் கட்சி. மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

ஆயிரம் தடவை பார்த்த கதை. இன்னும் ஏன் எடுபடுகிறது?

நம் ஊரில் கல்யாணப் பேச்சு என்றாலே வரவு செலவுப் பேச்சு. எத்தனை பவுன், மண்டபம் யார் செலவு, மாப்பிள்ளைக்கு வண்டி உண்டா, நிலத்தில் பங்கு எவ்வளவு? பெண் பார்க்க வந்த இடத்தில் காபி ஆறுவதற்குள் பாதி கணக்கு முடிந்துவிடும். அந்தப் பேரத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான் நம் வாசகர்கள். பேரம் பேசாமல் ஒருத்தி ஒருத்தனைத் தேர்ந்தெடுக்கிறாள் என்றால் அவர்களுக்கு அது பழைய கணக்கைத் திருப்பிப் பார்ப்பது மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. இல்லாதவருக்குப் பெரிய வீட்டின் அடுப்படிவரை போய்ப் பார்க்க ஆசை. இருப்பவருக்கோ, பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்ற பயம். ஒரே கதை இரண்டு பேருக்கும் தீனி போடுகிறது. இடைவெளி எல்லாக் கதையிலும் ஒன்றுதான். அதைத் தாண்டும்போது காலில் என்ன குத்துகிறது என்பதுதான் கதைக்குக் கதை மாறுகிறது.

இது சினிமா கொண்டுவந்த கதைதானே?

இல்லை. சங்கப் பாட்டிலேயே முழுசாக இருக்கிறது, அதுவும் இன்று நாம் எழுதுவதைவிடக் கறாராக. மூன்று பாட்டுகளைச் சொல்கிறோம். மூன்றையும் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

முதலாவது நற்றிணை 45. தேரில் வருகிற பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் மீனவக் குடியிருப்புக்கு வந்து ஒரு பெண்ணைச் சுற்றுகிறான். தோழி அவனிடம் பேசுகிறாள். இவள் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கிறவர்களின் மகள். நீ கொடி பறக்கிற கடைத்தெரு இருக்கும் ஊரில் செல்வனின் மகன். சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது? எங்கள்மேல் புலால் நாறுகிறது, தள்ளி நில். இந்தச் சின்ன வாழ்க்கை உன்னுடையதோடு ஒத்துப்போகாது. எங்களுக்குள்ளேயும் உன்னைப்போன்ற நல்ல ஆண்கள் இருக்கிறார்கள் என்று முடிக்கிறாள். நாற்றத்தைக் கூச்சமில்லாமல் முன்னால் வைத்துவிட்டு, கடைசி வரியில் தலை நிமிர்கிறாளே, அந்த நிமிர்வு இல்லாத ஏழைக் கதாநாயகி இன்றும் எடுபடுவதில்லை.

இரண்டாவது கபிலர் பாடிய ஐங்குறுநூறு 203. காதலன் ஊருக்குப் போய்த் திரும்பிய பெண்ணிடம், அந்த ஊர்த் தண்ணீரை எப்படிக் குடித்தாய் என்று தோழி கேட்கிறாள். நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட அது இனிது என்கிறாள் இவள். எந்தத் தண்ணீர் தெரியுமா? இலை தழை மூடிய கிணற்றின் அடியில், மான் குடித்துவிட்டு மிச்சம் வைத்த கலங்கல். ‘வறண்ட ஊர்’ என்று கபிலர் சொல்லவில்லை. மிச்சத் தண்ணீரை அளந்து காட்டிவிட்டார்.

மூன்றாவது போதனார் பாடிய நற்றிணை 110, எங்கள் கணக்கில் இந்த வகையிலேயே உச்சம். பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு, சின்னக் கோலைக் காட்டி மிரட்டியபடி, நரைத்த செவிலித் தாய்மார் பந்தலைச் சுற்றித் துரத்துவார்கள். குடிக்கமாட்டேன் என்று ஓடுவாள் அந்தச் சிறுமி. அவளே இன்று கல்யாணமாகிப் போன வீட்டில் வறுமை வந்தபோது, அப்பா வீட்டுக் கொழுத்த சோற்றை நினைக்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். ‘தியாகம்’ என்ற சொல் பாட்டில் எங்கும் கிடையாது. சாப்பாட்டு வேளையை எண்ணிக் காட்டியதோடு சரி.

பெண் பணக்காரியா, ஆண் பணக்காரனா? எது சுலபம்?

சுலபம் ஆண் பணக்காரன். அதனாலேயே அது தளர்ந்துவிடும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் காதலர்க்குப் பத்துப் பொருத்தம் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காம வாயில், நிறை, அருள், உணர்வு, திரு. பத்தாவதாக நிற்பது செல்வம். ஆனால் ரகசியக் காதலைப் பேசும் களவியலில் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது: ஒத்த கிழவனும் கிழத்தியும் (தலைவனும் தலைவியும்) காண்பார்கள், ‘மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே’. ஆண் உயர்ந்தவனாக இருந்தால் பரவாயில்லையாம். பெண் உயர்ந்தவளாக இருந்தால் என்ன என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இன்றும் ஊர் அப்படியே. ஏழைப் பெண் வசதியான வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் ‘அதிர்ஷ்டக்காரி’ என்பார்கள். வசதியான பெண் ஏழை வீட்டுக்குப் போனால் ‘குடும்பத்தைக் கெடுத்துட்டா’ என்பார்கள். ஆண் பணக்காரன் என்றால் உங்களுக்குத் தடை மாமியாரும் நகையும் மட்டும். பத்துப் பக்கத்துக்குள் தீர்ந்துபோகும். பெண் பணக்காரி என்றால் நிலம், மானம், அண்ணன், சாதி எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அதைத் தாங்கும் தெம்பு இருந்தால் மட்டும் தொடுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் ‘பணக்காரன்’ என்றால் யாரை வைப்பது?

சென்னைக் கதையிலிருந்து பங்களாவையும் நாயையும் இறக்கிக் கிருஷ்ணகிரியில் வைத்தால் ஒட்டாது. பணம் எதிலிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதைப் பொறுத்து ஆளின் நடை, பேச்சு, பயம் எல்லாமே மாறும்.

மாந்தோப்புக்காரர்: நிலம் நிறைய, கையில் பணம் கொஞ்சம். இங்கே அதிகம் விளைவது பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய், பெரும்பகுதி மாங்கூழ் ஆலைக்குப் போவது. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பூ, மே முதல் ஜூலை வரை காய். பூவிலேயோ பிஞ்சிலேயோ தோப்பைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கிவிடுவார்கள். இடையில் ஆலங்கட்டி மழை பெய்தால் அடி குத்தகைக்காரருக்கு. விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கு இறங்கிய பருவங்களும் உண்டு. ஆகவே ஜனவரியில் பெரிய மனிதராக நிற்பவர் ஜூலையில் கடன்காரராக நிற்கலாம். காதல் கதைக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. ஏனோ இதை யாரும் பயன்படுத்துவதில்லை.

கிரானைட் குவாரி, கூழ் ஆலை, மண்டி, வட்டிக்கு விடுபவர்: கையில் ரொக்கம் புரளும் இடங்கள். ஒருவரையே எல்லாமாக வைக்காதீர்கள். மண்டிக்காரர் கமிஷனில் வாழ்கிறவர், சில்லறைவரை எண்ணுவார். குவாரிக்காரர் அதிகாரிகளைப் பற்றிப் பேசாமல் சாப்பிடமாட்டார்.

ஓசூர் நிலக்காரர் தனி வகை. அப்பா கேழ்வரகு விதைத்த காடு, சிப்காட் தொழிற்பேட்டையும் லேஅவுட்டும் வந்து விலை ஏறிய காடு. பெங்களூர் அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வீடு புதுசு, பழக்கம் பழசு. பளிங்குத் தரையில் பாட்டி கீழேதான் உட்காருவாள். இந்த வீட்டில் வறுமை மறந்துபோகும் அளவுக்குத் தூரத்தில் இல்லை. அதனால்தான் ஏழை மாப்பிள்ளையை இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வெறுப்பார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. 1990களில் நடக்கும் கதையில் ஓசூர்ப் பையன் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று விண்ணப்பம் எழுதினால் தவறு. தருமபுரி மாவட்டம் என்று எழுதவேண்டும். 1965 அக்டோபர் 2க்கு முன்னால் என்றால் சேலம் மாவட்டம்.

ஏழையைக் காட்டக் களியும் கூழும் போதாதா?

போதாது. சில இடத்தில் தலைகீழாகவே போய்விடும். இந்தப் பக்கம் நெல்லுச்சோறு ஒரு காலத்தில் விசேஷ நாளில் மட்டும். அன்றாடம் கேழ்வரகுக் களி. நொய்யை வேகவைத்து, மாவைக் கொட்டி, கோலால் கிண்டி, கையை நனைத்து உருட்டி, கீரைக் கடைசலிலோ புளிக்குழம்பிலோ தொட்டு மெல்லாமல் விழுங்குவார்கள். அன்று அது ஏழையின் தட்டு. இன்று ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருத்துவர் கேழ்வரகு சாப்பிடச் சொல்கிறார். களி ஹோட்டலில் விலையோடு வருகிறது. 1975இல் நடக்கும் கதையில் களி வறுமையைக் காட்டும். இன்றைய கதையில் அதைச் சாப்பிடுகிறவர் குவாரி முதலாளியாகவும் இருக்கலாம்.

வறுமையை நேரத்தால் காட்டுவது இன்னும் நல்லது. பெரும்பாலான கதைகளில் ஏழைக் காதலனுக்கு நாள் முழுக்க ஓய்வு; ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். உண்மையில் அவனுக்கு இல்லாத முதல் பொருளே நேரம்தான். தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை பொரித்ததிலிருந்து கூடு கட்டும்வரை ஏறக்குறைய 25 நாள். நான்கு தோலுரிப்பு முடிந்த பிறகு, கடைசி ஒரு வாரத்தில்தான் புழு மொத்த இலையில் ஐந்தில் நாலு பங்கைத் தின்னும். அந்த வாரம் மல்பெரி வெட்டவும் போடவுமே பகலும் இரவும் சரியாகிவிடும். ‘ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல் போலாமா?’ என்று அவள் கேட்டால், ‘புழு நாலாந் தோலு உரிச்சிருச்சு’ என்பதே மறுப்பு. அவளுக்கு அது புரிய எத்தனை நாள் ஆகிறது என்பது ஒரு முழு அத்தியாயம்.

கூலியைச் சொல்லும்போது ஆண்டோடு சொல்லுங்கள். நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட நாள்கூலி தமிழ்நாட்டில் 2024–25இல் 319 ரூபாய், அடுத்த ஆண்டு 336. ஆண்டு சொல்லாத கூலி பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு வெறும் எண்.

‘நீ’, ‘நீங்க’: யார் யாரை எப்படிக் கூப்பிடுவது?

எழுதுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தமிழில் காதல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை மரியாதை விகுதி சொல்லிவிடும். தோப்பு உரிமையாளர் மகளைக் குத்தகைக்காரரின் வேலையாள் முதல் நாளே ‘வா, போ’ என்றால் கதை அங்கேயே விழுந்தது. அவன் அவளை ‘நீங்க’ என்பான்; அவள் அவனை ‘நீ’ என்பாள்; வயதில் அவன் மூத்தவனாக இருந்தாலும். முதல் திருப்பம் அவள் அவனை ‘நீங்க’ என்று மாற்றும் இடம். இரண்டாவது அவன் அவளை ‘நீ’ என்னும் இடம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று காட்சியாவது விடுங்கள். அவன் வாயில் ‘நீ’ வந்தும் மற்றவர் முன்னால் ‘நீங்க’வுக்குத் திரும்புகிற காட்சி ஒன்று வந்தே ஆகவேண்டும். முத்தத்தைவிட அது வேலை செய்யும்.

கூப்பிடுகிற பெயரும் அப்படித்தான். அவள் அப்பாவை அவன் ‘மொதலாளி’ என்பானா, ‘ஐயா’ என்பானா, ‘சார்’ என்பானா? தோப்பில் மொதலாளி, பள்ளிக்கூடத்தில் சார். ‘மாமா’ என்று வாய் திறக்கும் நாள் எது என்பதை எழுதுவதற்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. வெளியே தமிழ் பேசும் பெண், அம்மா போனில் கூப்பிட்டதும் தெலுங்குக்கு மாறுகிறாள். பக்கத்தில் நிற்கும் அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தடை என்று தனியாக ஒன்று தேடவேண்டாம்.

‘அன்புக்கு ஏது விலை’ மாதிரி வசனம் வேண்டாம் என்றால் வேறு எப்படி எழுதுவது?

ஒரு பொருளை நடுவில் வையுங்கள், அதை எண்ணவிடுங்கள். ஓசூர், பாகலூர், தளி பக்கம் பாலித்தீன் போர்த்திய கூடாரமான பாலிஹவுஸில் ரோஜா வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14க்கு வெளிநாடு போகும் சிவப்பு ரோஜாவில் தாஜ்மஹால் என்றொரு ரகம் உண்டு, பெயரே காதல் கதை. அந்தத் தேதிக்குப் பூ வேண்டுமென்றால் குளிரைப் பார்த்து, ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பே கவாத்து செய்யவேண்டும், அதாவது கிளையை வெட்டிவிடவேண்டும். விடிகாலையில் மொட்டாகவே வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தி, காம்பின் நீளத்தைச் சென்டிமீட்டரில் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, குளிர் அறைக்குப் போகும். அங்கே கட்டு கட்டுகிற பெண்ணுக்கு உரிமையாளர் மகன் பூக் கொடுக்க வருகிறான். வழக்கமாக எழுதப்படுவது: ‘அவன் நீட்டிய ரோஜாவை வெட்கத்தோடு வாங்கினாள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவே அந்தப் பூ பாலமானது.’ இதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்:

அவன் மேசையிலிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டினான்.
“வெச்சுக்கோ.”
“எதுக்கு?”
“பூ எதுக்குக் குடுப்பாங்க?”
“ஒரு கட்டு இருபது. வண்டி ஏத்தறப்ப சூப்பர்வைசர் எண்ணுவாரு. ஒரு கட்டு கொறஞ்சா உங்களக் கேக்கமாட்டாரு.”
அவன் கட்டைப் பிரித்து ஒரே ஒரு பூவை உருவினான்.
“இப்ப பத்தொம்பது. அதையும் ஏத்தமாட்டாங்க.”

அவன் கொடுக்கும் பரிசு அவள் கணக்கில் திருட்டு. அவன் கெட்டவன் இல்லை, அவனுக்கு எண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த காட்சியில் அவன் என்ன செய்வான் என்று வாசகரே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினானென்றால் இன்னும் கெடுத்தான்; மறுநாள் அந்தப் பெண்ணைப் பற்றி வேலையிடம் முழுக்கப் பேச்சு.

எங்கே சந்திக்க வைப்பது?

ஒகேனக்கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பரிசல் கட்டணம், மீன் வறுவல், திரும்பிவரப் பஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் கூலி போதாது. அந்தச் செலவை யார் கொடுத்தது என்று காட்டினால் போகட்டும். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். ஆடிப்பெருக்கு சமயத்தில் காதலர்களைப் பரிசலில் ஏற்றும் முன் யோசியுங்கள்.

வசதி உள்ளவரும் இல்லாதவரும் காரணத்தோடு ஒரே இடத்தில் நிற்கும் இடங்கள் வேறு இருக்கின்றன. பட்டுக்கூடு அங்காடி, மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சி, சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடி, அரசு மருத்துவமனை. கிருஷ்ணகிரி அணைப் பூங்காவும் சரிதான், ஆனால் ஊர்க்காரர் யாராவது பார்க்காமல் இருக்கமாட்டார்.

சாதியைத் தொடாமல் எழுதலாமா?

எழுதலாம், ஒரு சோதனைக்குப் பிறகு. கதையின் நடுவில் ஏழைப் பையனுக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் சம்மதிப்பார்களா? சம்மதித்தால் உங்கள் கதை பணத்தைப் பற்றியது, அப்படியே எழுதுங்கள். சம்மதிக்கமாட்டார்கள் என்று தோன்றினால் நீங்கள் சாதிக் கதையைப் பணக் கதை என்று வேஷம் போட்டு எழுதுகிறீர்கள். வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், உங்கள் கூச்சத்தையும் சேர்த்து.

இந்த மண்ணில் அது வெறும் எழுத்துப் பிரச்சினை கிடையாது. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. அந்தத் திருமணத்தின் மணமகனான இளைஞர் 2013 ஜூலையில் தண்டவாளம் அருகே இறந்து கிடந்தார். அவர்கள் கதையைப் பெயர் மாற்றி எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. உயிரோடு இருப்பவர்களின் வாழ்க்கை அது. ஆனால் அது நடந்த ஊரில், ‘எங்க ஊர்ல அதெல்லாம் யாரும் பார்க்கறதில்ல’ என்று ஒரு பாத்திரம் சொன்னால், அந்தப் பாத்திரம் பொய் சொல்கிறது என்பதாவது எழுதுபவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்கிறார்கள். சட்டம் சரியாக இருக்கவேண்டுமா?

வேண்டும். ‘ரிஜிஸ்டர் ஆபீஸ் போனார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மாலையோடு வெளியே வந்தார்கள்’ என்று ஒரே நாளில் முடிப்பது பொதுவான தவறு. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்கவேண்டும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால், இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்திருக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். 30 நாள் ஆட்சேபம் இல்லையென்றால், மூன்று சாட்சிகள் முன்னால் திருமணம். கதாசிரியருக்கு இது சிரமம் என்று ஏன் நினைக்கவேண்டும்? முப்பது நாள், சுவரில் ஒட்டிய ஒரு தாள், பத்திரப் பதிவுக்கு வந்துபோகும் ஊர்க்காரர்கள். சஸ்பென்ஸ் சும்மா கிடைக்கிறது.

இருவரும் இந்துக்கள் என்றால் கோயிலில் தாலி கட்டலாம். அல்லது 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி புரோகிதர் இல்லாமல், உறவினரோ நண்பரோ மற்றவரோ முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். பிறகு பதிவு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதியவேண்டும்.

‘சொத்துல காலணா கிடையாது’ என்று அப்பா கத்தும் காட்சி?

கத்தட்டும். கத்தினால் மட்டும் சொத்து போய்விடாது. அவர் தானே சம்பாதித்த சொத்தென்றால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். காதும் காதும் வைத்தாற்போல மகன் பேருக்கு செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிடலாம். பூர்வீகச் சொத்து வேறு. இந்துக் கூட்டுக் குடும்பத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இலேயே அப்போது மணமாகாத மகள்களுக்கு அது வந்தது, 2005இல் நாடு முழுக்க. யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதால் அது போகாது.

ஆகவே உண்மையான காட்சி கத்தலில் இல்லை. ஓடிப்போன மகளை ஒரு வருடம் கழித்து அண்ணன் தேடி வருகிறான். பழம், பூ, ஒரு சேலை. ‘அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, வந்துட்டுப் போ’ என்கிறான். அவள் அழுதுகொண்டே கிளம்புகிறாள். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்கிறது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று. கைரேகை வைக்கவேண்டியதுதான் பாக்கி. சேலையின் விலைச்சீட்டைப் பிரிக்கக்கூட அவன் மறந்திருக்கிறான் என்று வையுங்கள். கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்பதை உங்களிடம் விடுகிறோம்.

பணக்காரன் ஏழையாக வேஷம் போட்டு வருவது பழசாகிவிட்டதா?

பழசுதான், ஆனால் சாகாத பழசு. வள்ளி திருமணக் கூத்தைப் பாருங்கள். தினைப்புனம் காக்கும் மலைக்குறவர் வீட்டுப் பெண்ணிடம் முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான். தேனும் தினைமாவும் கேட்கிறான், விக்கல் எடுக்கிறது, தண்ணீர் கேட்கிறான். விடிய விடிய அலுக்காமல் உட்கார்ந்திருக்கும் கூட்டம், யார் என்று தெரிந்தே ரசிக்கிறது. ரகசியம் பார்ப்பவர்க்குத் தெரியவேண்டும், வள்ளிக்குத் தெரியக்கூடாது. இதை மாற்றிக் கடைசியில் திடுக்கென்று உடைத்தால் சுவை பாதி போய்விடும். வேஷம் கலைந்ததும் அவள் கோபப்படவேண்டும் என்பது எங்கள் கருத்து. இத்தனை நாள் அவளுடைய இல்லாமையைச் சுற்றுலா மாதிரி பார்த்திருக்கிறான் அல்லவா?

ஏழை நாயகன் கடைசியில் பணக்காரனாகிவிடலாமா?

லாட்டரி விழமுடியாது, தமிழ்நாட்டில் 2003இலேயே தடை செய்தாயிற்று. தொலைந்துபோன ஜமீன் வாரிசு என்றால் வாசகர் சிரிப்பார். ஒரே பாட்டில் முன்னேறுவதும் அதே கதி. முன்னேறவைக்கத்தான் வேண்டுமென்றால் கடனைக் காட்டி முன்னேற்றுங்கள்: எவ்வளவு வாங்கினான், மாத வட்டி என்ன, எந்த நகை அடகில் இருந்தது, எப்போது மீட்டான்.

வில்லன் அப்பா அவசியமா?

அவசியமில்லை. நல்ல அப்பாதான் கஷ்டம். ‘பையன் நல்லவன்தான், ஆனா நீ அங்க போய் எப்படிம்மா இருப்ப?’ என்று மெதுவாகக் கேட்கிற அப்பாவுக்குப் பதில் சொல்வது அருவாளைத் தூக்குகிறவருக்குப் பதில் சொல்வதைவிடக் கடினம்.

எத்தனை பக்கம், எங்கே எது வரவேண்டும்?

2,500 சொல் சிறுகதை என்றால் முதல் 300 சொல்லுக்குள் ஒரு பொருள் கைமாறவேண்டும்: சில்லறை, சாப்பாடு, பூ, பஸ் டிக்கெட், எதுவானாலும். காதலைச் சொல்லும் இடம் பாதிக்கு முன்னால் வந்துவிட்டால் பின்பாதி தொங்கும். முதலில் கைமாறிய பொருள் கடைசிக் கால்வாசியில் எதிர்த் திசையில் திரும்பி வரட்டும். அளவு கூடியோ குறைந்தோ. பாத்திரங்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

பன்னிரண்டு வாரத் தொடர் என்றால் கல்யாணத்தை ஆறாம் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பத்திரிகைக்காரர்கள் வேண்டாம் என்பார்கள், சண்டை போடுங்கள். கல்யாணத்துக்குப் பின்னால்தான் இந்தக் கதையில் சரக்கே இருக்கிறது: கழிவறை வெளியே இருக்கிற வீட்டில் முதல் இரவு விடிந்த காலை, முதல் ரேஷன் கார்டு, முதல் பொங்கலுக்கு வராத சீர். போதனார் எழுதியது அந்தப் பின்பாதியைத்தான்.

அடிக்கடி கெடுவது ஒன்பதாம் வாரம். அதற்குள் இருவரும் ரொம்ப நல்லவர்களாகிவிடுவார்கள். அப்போது பணத்தைக் கொண்டே ஒரு சண்டை வையுங்கள். அவள் அம்மா ரகசியமாகக் கொடுத்த ஐயாயிரம் ரூபாயை அவனிடம் சொல்லாமல் அரிசி டப்பாவில் வைத்திருக்கிறாள்; அவன் கடன் கேட்டு ஊரெல்லாம் அலைந்துவிட்டு வந்த ராத்திரி அது கண்ணில் படுகிறது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்படி எழுதமுடிந்தால் மீதி மூன்று வாரமும் தானாக ஓடும்.

தலைப்பில் ‘காதல்’ வரவேண்டுமா?

தேவையில்லை. கதையில் கைமாறுகிற பொருளின் பெயரையே வையுங்கள். ‘பத்தொன்பது பூ’ என்று வைத்தால் போதும்.